மண்டபம் பிடித்தவர்களுக்கு, டிஜே பிடிக்கும் முன்

அன்புள்ள பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும்,



தை பிறந்ததும் வரிசையாக வரப்போகும் முகூர்த்தங்களில் ஏதோ ஒன்றில் உங்கள் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாயிற்று. சமையல்காரரை வீட்டுக்கே வரவழைத்து, முதல்நாள் ராத்திரி இனிப்பு அசோகாவா காசி அல்வாவா என்பது வரை பேசிவிட்டீர்கள். பத்திரிகையில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பதிலும் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். இவ்வளவு பொறுப்பாகச் செய்கிற குடும்பங்கள் ஒரு காரியத்தை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அது பாட்டு.

நான் திருச்சி, தஞ்சாவூர் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் டிஜேயாகவும் ஒலியமைப்பாளனாகவும் வேலை பார்க்கிறவன். கல்யாணம் நெருங்கிய பிறகு வரும் அழைப்புகளில் அநேகமாக இரண்டு கேள்விகள்தான் இருக்கும்: "தம்பி, எத்தனை பாக்ஸ் வைப்பீங்க? எவ்வளவு ஆகும்?" அன்று மாலை என்னென்ன நடக்கப்போகிறது, யார் பேசுவார்கள், யார் ஆடுவார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் நீங்களே பார்த்துக்குங்க" என்று பதில் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் இரண்டு குடும்பத்துப் பழக்கவழக்கத்தையும் அறியாத நாங்கள் எதை வைத்துப் பார்த்துக்கொள்வது? அதனால் இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். டிஜேயிடம் விலை பேசுவதற்கு முன்னால், அந்த மாலைப்பொழுது எப்படிப் போக வேண்டும் என்று உங்கள் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்.

தேதி நெருக்கடியிலிருந்து தொடங்குகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. மிச்ச மாதங்களிலும் வளர்பிறையாக இருக்க வேண்டும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடுவதால், ஊரில் உள்ள கல்யாணங்களெல்லாம் சில தேதிகளில் வந்து குவிகின்றன. அந்தத் தேதிகளுக்கு நல்ல டிஜேயையும் நல்ல நாதஸ்வரக் குழுவையும் மாதக்கணக்கில் முன்னதாகவே பேசி வைத்துவிடுவார்கள். கடைசி வாரத்தில் தேடினால், ஒரே நாளில் மூன்று மண்டபங்களை ஒப்புக்கொண்டு மூன்றுக்கும் ஆள் அனுப்புகிறவர்தான் கிடைப்பார். மண்டபம் உறுதியான அதே வாரத்தில் இவர்களையும் பேசிவிடுங்கள்.

பேசும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அன்னைக்கு நீங்களே வருவீங்களா, வேற ஆள் வருவாரா?" வேறு ஆள் என்றால் அவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கும் அரை நிமிட வீடியோவில் புகையும் லைட்டும்தான் தெரியும். அதை வைத்து முடிவு செய்யாமல், சமீபத்தில் அவர் வேலை பார்த்த ஒரு வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தாரா, சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல் குறைத்தாரா, சொன்ன நேரத்தில் நிறுத்தினாரா என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

இனி அந்த மாலைக்கு வருவோம். நம் பக்கத்தில் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலைதான் வரவேற்பு. காலையில் தேவாலயத்தில் திருமணம் முடித்து மாலையில் வரவேற்பு வைப்பவர்களுக்கும், நிக்காஹ் முடிந்து வலிமா விருந்து வைப்பவர்களுக்கும் நேரம்தான் மாறும். நான் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும். ஆறரை மணிக்கு மணமக்கள் மேடை ஏறினால் ஒன்பது மணி வரைக்கும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். அவர்கள் வந்ததே நாலு வார்த்தை பேசத்தான்.

மேடைக்குப் பக்கத்தில் மிக்சர் மேசையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. வயதான அம்மா ஒருவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வருவார். இடுப்பில் செருகியிருந்த கவரை எடுத்துப் பெண்ணின் கையில் வைத்து, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார். பிறகு முகத்தை அருகில் கொண்டுபோய் ஏதோ சொல்வார். பெண் குனிந்து "என்ன பாட்டி?" என்பாள். பாட்டி இன்னொரு முறை சொல்வார். பின்னால் பாஸ் பாக்ஸ் அதிரும். பெண் காதில் விழுந்ததுபோலச் சிரிப்பாள். "பாட்டி, இங்க பாருங்க" என்று கேமராக்காரர் கையாட்டுவார். படம் எடுத்ததும் பாட்டி இறங்கிவிடுவார். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து அவர் கொடுத்த ஆசீர்வாதம் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாட்டியின் வார்த்தையைவிடப் பெரிய பாட்டு எதுவும் என்னிடம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் இது நேராது. மேடையில் வரிசை நகரும் முதல் இரண்டு மணி நேரமும் வீணை, வயலின், புல்லாங்குழலில் மெல்லிசை. பாட்டு ஓடுவதே பேச்சுக்கு இடையூறாகத் தெரியக்கூடாது. வரிசை குறைந்ததும் பதினைந்து நிமிஷம் மைக்: பெரியவர் ஒருவர் வாழ்த்த, மாமன்மாரும் நண்பர்களும் இரண்டிரண்டு நிமிஷம் பேசலாம். அதற்குள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் பந்தி முடித்துக் கிளம்பியிருப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஆட விரும்புகிறவர்களுக்காக முக்கால் மணி நேரம் முழு வேகத்தில் டிஜே. ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணன் கல்யாணத்தில் தங்கை ஆடுவதும், வெட்கப்பட்டு நின்ற அப்பாவைப் பிள்ளைகள் இழுத்து வந்து ஆட வைப்பதும் அந்தக் குடும்பம் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழும் விஷயம். அதற்கென்று தனி நேரம் ஒதுக்கினால்தான் அதுவும் களை கட்டும்.

சத்தத்தைப் பற்றிச் சில கணக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் சுமார் 60 டெசிபல். பாட்டு அதைவிட மிகவும் உயர்ந்துவிட்டால் மனிதர்கள் கத்தத் தொடங்குவார்கள். வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் என்பதைக் காதுக்குப் பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இசை அரங்குகளுக்காக அந்த நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரநிலையில், 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதுவும் கேட்கவென்றே டிக்கெட் வாங்கி வருகிற இடத்துக்கு. நம் மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் தாத்தாக்களும், தாயின் மடியில் இருக்கும் பிஞ்சுகளும். செல்போனிலேயே டெசிபல் காட்டும் செயலிகள் இருக்கின்றன. துல்லியமாக இராது, ஆனாலும் "மேடைப் பக்கம் இவ்வளவுக்கு மேல் போக வேண்டாம்" என்று டிஜேயிடம் சொல்ல அது போதும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு; திறந்தவெளிப் பந்தலுக்கும் தெரு ஊர்வலத்துக்கும் அது பொருந்தாது. குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். உங்கள் மண்டபத்துக்கு எதிர்வரிசையில் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கலாம், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரும் இருக்கலாம். கல்யாணத்துக்கு அழைக்காத வீட்டாரும் மணமக்களை மனசார வாழ்த்தும்படி நடந்துகொள்வது பெருமையான காரியம். 9.50-க்குக் கடைசிப் பாட்டு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பாட்டுப் பட்டியல். இரண்டு வீட்டு இளவட்டங்களும் உட்கார்ந்து மூன்று பட்டியல் போடுங்கள்: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை, எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாதவை. மூன்றாவதுதான் முக்கியம். நம் சினிமாப் பாட்டில் தாளம் ஒரு பக்கமும் வரி ஒரு பக்கமும் போவது சகஜம். தாளத்தைக் கேட்டு ஆடுகிறோம், வரியைக் கவனிப்பதில்லை. '3' படத்தின் கொலவெறிப் பாட்டு காதலில் தோற்றவன் பாடுவது. கல்யாண வீடுகளில் விடாமல் ஒலித்தது. அதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். ஆனால் பெண்ணை மட்டம் தட்டும் பாட்டும் இரட்டை அர்த்தப் பாட்டும் அப்படியல்ல. மணப்பெண்ணின் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவை ஓடினால், அவர் தலை குனிவதை மிக்சர் மேசையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். டிஜேக்கு உங்கள் குடும்பத்தின் மனசு தெரியாது. இன்ன பாட்டு வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலில் பழசுக்கும் இடம் கொடுங்கள். 1962-இல் வந்த 'சாரதா' படத்தில் கே.வி.மகாதேவன் இசையில் மருமகளை வரவேற்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. அது ஆரம்பித்ததும் மண்டபத்தில் வயதானவர்களின் முகத்தைப் பாருங்கள். பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது எந்தப் பாட்டு என்பதை அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆண்டாளின் வாரணமாயிரத்தைப் பாடத் தெரிந்த அத்தையோ சித்தியோ வீட்டில் இருந்தால், பதிவு செய்த பாட்டை நிறுத்திவிட்டு அவர் கையில் மைக்கைக் கொடுங்கள். எங்கள் பெட்டியிலிருந்து வரும் எந்தக் குரலும் அந்தக் குரலுக்கு ஈடாகாது.

பிள்ளைகள் ஒத்திகை பார்த்து ஆடும் நடனத்துக்கான பாட்டை வெட்டி ஒட்டி ஒரே கோப்பாக்கி, இரண்டு நாள் முன்னதாகவே டிஜேக்கு அனுப்பிவிடுங்கள். மேடைப் படியில் நின்றுகொண்டு "அண்ணா, என் போன்ல இருக்கு, புளூடூத்ல கனெக்ட் பண்ணுங்க" என்றால், ஆட்டத்தின் நடுவில் அந்த போனுக்கு அழைப்பு வரும். மண்டபம் முழுக்க ரிங்டோன் கேட்கும், பிள்ளைகள் கை தூக்கிய இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் சொந்தங்களுக்காக நேரலை வைத்திருந்தால், வீடியோக்காரர் மிக்சரிலிருந்து நேரடியாக ஒலி எடுத்துக்கொள்ளும்படி இருவரையும் முன்பே பேச வையுங்கள். சினிமாப் பாட்டு ஓடும்போது யூடியூப் தானாகவே அதை அடையாளம் கண்டு நேரலையைத் தடுக்கக்கூடும் என்பதால், தாலி கட்டும் நேரத்தில் பின்னணியில் பதிவுப் பாட்டு எதுவும் இல்லாமல் இருப்பது அந்த வகையிலும் நல்லது. கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமக் கட்டணம் என்று யாராவது வந்தால், 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது என்பதையும், 2023 ஜூலையில் மத்திய அரசு அதை அறிவிப்பாகவே வெளியிட்டதையும் நினைவில் வையுங்கள்.

நாதஸ்வரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. வரவேற்பு எங்கள் நேரம் என்றால் முகூர்த்தம் அவர்களுடைய நேரம். தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் திறந்தவெளியில் நின்று வாசித்த வாத்தியம் அது. சிறிய மண்டபத்தில் அதற்கும் தவிலுக்கும் மைக்கே தேவையில்லை. பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் லேசாக வைத்தால் போதும். ஆனால் பல மண்டபங்களில் அவர்களை ஒரு மூலையில் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, நேர் எதிரே எங்கள் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறார்கள். மணவறை தெரியாவிட்டால் அவர்கள் எப்படி நேரம் பார்த்து வாசிப்பார்கள்? சாஸ்திரிகள் கை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும் அடுத்த நொடியே தவில் முழங்க வேண்டும். அதற்கு அவர் கையும் மாப்பிள்ளை கையும் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணவறையைப் பார்த்தபடி சின்னதாக ஒரு மேடை போட்டு ஜமக்காளம் விரித்துக் கொடுங்கள். என்ன ராகம் பிடிக்கும், நலங்குக்கும் ஊஞ்சலுக்கும் என்ன வாசிப்பார்கள் என்று முன்பே பேசுங்கள். கேட்டால் சினிமாப் பாட்டும் மனம் குளிர வாசிப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் சினிமாப் பின்னணி இசையைப் போடச் சொல்லும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்தை மேளத்துக்கே விட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் டிஜே, அலங்காரக்காரர், மண்டப மேலாளர் மூவரையும் மண்டபத்திலேயே சந்திக்க வையுங்கள். நம் மண்டபங்களில் தரை கிரானைட், சுவர் சிமென்ட், மேலே தகரமோ கான்கிரீட்டோ. எங்கே பார்த்தாலும் எதிரொலி. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. நீண்ட மண்டபத்தில் மேடையில் பேசியது கடைசி வரிசைக்குத் தாமதமாகப் போய்ச் சேரும், சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பும். மேடையில் ஆளுயரப் பாக்ஸ்களை அடுக்கி அலற விடுவதைவிட, மண்டபத்தின் நீளத்துக்குச் சிறு பாக்ஸ்களை இடைவெளி விட்டு வைத்து, தாமதத்தைச் சரிசெய்து, மெதுவாக வைப்பதுதான் முறை. அப்போது பேச்சும் புரியும், காதும் வலிக்காது. அதனால்தான் எத்தனை பாக்ஸ் என்ற கேள்வியைவிட, எங்கெங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி பயனுள்ளது.

கரண்டையும் கேளுங்கள். சீரியல் லைட்டும் எல்இடி திரையும் ஓடுகிற லைனிலேயே ஒலிக்கருவியையும் மாட்டினால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். தனி லைனும் சரியான எர்த்தும் வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் மிக்சரும் லேப்டாப்பும் அணையாமல் இருக்க யூபிஎஸ் இருக்கிறதா? கம்பியில்லா மைக்குக்கு மாற்று பேட்டரியும், கூடவே கம்பி போட்ட மைக் ஒன்றும் இருக்கிறதா? வரவேற்பு முடிந்த ராத்திரியே மேடை அலங்காரத்தைக் கலைத்து மணவறை கட்டத் தொடங்குவார்கள். எங்கள் சாமான்களை எத்தனை மணிக்குள் இறக்க வேண்டும், எந்தப் பக்கத்து வழியாக எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டால், மணவறை கட்டும் நடுராத்திரியில் இரண்டு குழுவும் மேடையில் மோதிக்கொள்ளாது.

பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வரும் ஆள் யார், எத்தனை மணிக்கு வந்து செட்டிங் முடிப்பார், எத்தனை மணிக்கு நிறுத்துவார், என்னென்ன கருவி, லைட்டும் புகையும் இதில் சேர்த்தியா தனியா, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது, நேரம் நீண்டால் எவ்வளவு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், கருவி பழுதானால் மாற்று என்ன. இது அவநம்பிக்கையால் அல்ல. எழுதி வைத்த வேலையில் இரு பக்கமும் மனஸ்தாபம் வராது. பாக்கிப் பணத்தை வேலை முடிந்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஏற்றுகூலிக்காரரும் வண்டிக்காரரும் எங்களிடம் அப்போதே கேட்பார்கள். மத்தியானத்திலிருந்து வயர் இழுத்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு ஒரு பந்தியில் இலை போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒருவரை நியமியுங்கள். "சத்தம் பத்தலை" என்று ஒரு மாமா வருவார். அவர் நகர்வதற்குள் "குறைங்க தம்பி, காது வலிக்குது" என்று ஒரு சித்தப்பா வருவார். யார் சொல்வதைக் கேட்பது? மணமக்களின் விருப்பமும் பெரியவர்களின் சௌகரியமும் தெரிந்த, மேடையில் வேலை இல்லாத, நிதானமான ஒருவர் போதும். அவர் சொல்வதை மட்டும் டிஜே கேட்பார் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு வீட்டாரும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே உட்கார வையுங்கள். நேரவாரியாக அந்த மாலையை எழுதி, பாட்டுப் பட்டியலைப் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளோடு டிஜேயைக் கூப்பிடுங்கள். அப்படி ஒரு தாளோடு வரும் குடும்பத்துக்கு எந்த நல்ல டிஜேயும் மனசு வைத்து வேலை செய்வார். அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, அதைப் பற்றி நாலு கேள்வி கேட்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். படிக்காமல் விலையை மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணம் சிறப்பாக நடக்கட்டும். மணமக்கள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு கல்யாண மண்டப ஒலியமைப்பாளன்